க்வாஜா அப்துஸ்ஸமதின் ஓவியப் பட்டறை

பட்டறை என்னும் சொல்லைக் கேட்டதும் நம் முன்னோர்க்குக் கொல்லனின் உலையும் சம்மட்டியும் நினைவுக்கு வந்திருக்கும். இன்றோ அச்சொல் புதியதொரு பொருளையும் ஏற்றுக் கொண்டுள்ளது. கவிதைப் பட்டறை, கதைப் பட்டறை, நாடகப் பட்டறை, சிறார்க்கான படைப்பாற்றல் பட்டறை என்று ஊர்தோறும் கேட்கின்றோம். விடுமுறை நாட்களில் பள்ளிக் கூடங்களிலும் நூலகங்களிலும், சில ஊர்களில் மதரஸாக் கூடங்களிலும் கூட, பிள்ளைகளை வட்டமாக அமர்த்தித் தாளும் வண்ணமும் கொடுத்து, 'உன் மனத்தில் தோன்றுவதைச் செய்' என்று சொல்லும் வழக்கம் பரவி வருகின்றது.

இத்தகைய பட்டறையை முதன் முறையாக நடத்த முன்வருபவரின் உள்ளத்தில் எழும் அச்சத்தை எளிதாக எண்ணி விடலாகாது. கணக்கைக் கற்பிக்கலாம், இலக்கணத்தைக் கற்பிக்கலாம். கற்பனையைக் கற்பிப்பது எங்ஙனம்? 'இப்படிச் செய்' என்று காட்டினால் பிள்ளை நம்மையே நகல் எடுக்கும். ஒன்றும் காட்டாது விட்டாலோ திகைத்து நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையில் ஆசிரியன் நிற்க வேண்டிய இடம் எது? இக்கேள்வி இன்று தோன்றியதன்று. ஏறத்தாழ நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், இந்திய மண்ணில் இரண்டு பாரசீக ஓவியர்கள் இதே கேள்வியின் முன் நிற்க நேர்ந்தது. அவர்கள் கண்ட விடையை இஸ்லாமியக் கலை வரலாற்றின் சிறந்த பக்கங்களுள் ஒன்று எனலாம்.

வரலாற்றுள் புகுமுன் ஒரு செய்தி. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே மாறுபட்ட கருத்துக்கள் உண்டு. அதனை ஏலாதவர் பலர். நிபந்தனைகளோடு ஏற்போர் சிலர். இக்கட்டுரை அதற்குத் தீர்ப்புக் கூற வந்ததன்று. ஓர் ஆசானும் அவனிடம் வந்து சேர்ந்த மாணாக்கரும் என்ன செய்தனர் என்பதே இங்கு நம் நோக்கம்.

நாடிழந்த மன்னரின் தேட்டம்

1540-ஆம் ஆண்டில் ஷேர்ஷாவிடம் தோற்று அரசிழந்த ஹுமாயூன், நாடுவிட்டு நாடு அலைந்து 1544-இல் பாரசீகத்தை அடைந்தார். அங்கு ஆட்சி புரிந்த ஷாஹ் தஹ்மாஸ்ப் அவருக்கு அடைக்கலம் தந்தார். தஹ்மாஸ்பின் ஓவியச் சாலை அந்நாளில் உலகப் புகழ் பெற்றது. 258 ஓவியங்கள் கொண்ட ஷாஹ்நாமா ஏடு அங்குத்தான் உருவாயிற்று. ஆயினும் மன்னரின் மனம் ஓவியத்தினின்று மெல்ல விலகிக் கொண்டிருந்தது. ஓவியர்கள் வேறு புகலிடம் தேடத் தொடங்கினர். படையையும் பொருளையும் தேடி வந்த ஹுமாயூனின் கண்ணில் இக்கலைஞர்களும் பட்டனர்.

அவ்வாறு அவர் அழைப்பை ஏற்று 1549-இல் காபூலை அடைந்தவர்கள் இருவர். ஒருவர் மீர் ஸையித் அலீ; தப்ரீஸ் நகரின் ஓவியர் மீர் முஸவ்விரின் மைந்தர்; 'ஜுதாயீ' என்னும் புனைபெயரில் கவி பாடியவர். மற்றவர் ஷீராஸ் நகரத்துக் க்வாஜா அப்துஸ்ஸமத். இவருடைய கைத்திறன் வியக்கத்தக்கது. ஸூரத்துல் இக்லாஸ் முழுவதையும் ஒரு கசகசா விதையின் மேல் எழுதியவர் என்று சொல்லப்படுகின்றது. 'ஷீரீன் கலம்' என்னும் பட்டம் இவருக்கு வழங்கிற்று. இனிய எழுதுகோலர் என்பது அதன் பொருள்.

காபூலில் இவர்களுக்கு வாய்த்த முதல் மாணாக்கர்கள் யாவர்? மன்னர் ஹுமாயூனும் அவருடைய சிறுவன் அக்பரும் தாம்! தந்தையும் மகனும் க்வாஜாவிடம் ஓவியம் பயின்றனர். பிற்காலத்தில் பேரரசராகப் போகின்ற அச்சிறுவனுக்கு ஏட்டுக் கல்வி ஏறவில்லை என்பதை யாவரும் அறிவர். எழுத்தில் நில்லாத அவன் மனம் வண்ணத்தில் நின்றது. இளவரசர் அக்பர் தம் தந்தைக்கு ஓர் ஓவியத்தை அளிக்கும் காட்சியை க்வாஜா வரைந்திருக்கின்றார். தெஹ்ரானின் குலிஸ்தான் நூலகத்தில் அது இருக்கின்றது. அவ்வோவியத்தில் சிறுவன் நீட்டும் சிறு படத்தை உற்று நோக்கினால், அதிலும் அதே காட்சியே தீட்டப்பட்டிருக்கக் காணலாம். மாணாக்கன் கையில் தம் ஓவியத்தைக் கொடுத்து நிறுத்திய ஆசானின் குறும்பும் கனிவும் அதில் ஒருங்கே தெரிகின்றன.

1555-இல் ஹுமாயூன் தில்லியை மீட்டார். மறு ஆண்டு சனவரியில் தம் நூலகத்தின் படிகளில் இறங்கும்போது, பாங்கொலி கேட்டு அமர முயன்றவர் இடறி வீழ்ந்து உயிர் நீத்தார் என்பர். பதின்மூன்று வயதில் அக்பர் அரியணை ஏறினார். இரு ஓவியர்களும் அயல் மண்ணில், இளம் அரசரின் ஆதரவை நம்பி நின்றனர்.

ஆயிரத்து நானூறு ஓவியங்கள்

அக்பருக்குக் கதை கேட்பதில் அளவிலா ஆர்வம். அவற்றுள்ளும் ஹம்ஸா கதையில் அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையும், ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டில் உஹதுப் போரில் ஷஹீதானவருமாகிய ஹஜ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் திருப்பெயரைச் சுற்றிப் பாரசீகக் கதைஞர்கள் வளர்த்த வீரக் கதை அது. தேவும் அரக்கரும் பறக்கும் பாம்பும் மாயக் கோட்டைகளும் நிறைந்த அக்கதைக்கும் வரலாற்றுக்கும் தொலைவு மிகுதி. அக்கதையை முழுவதும் ஓவியமாக்க வேண்டும் என்று ஏறத்தாழ 1562-ஆம் ஆண்டில் அக்பர் ஆணையிட்டார். அப்போது அவருக்கு வயது இருபது.

பணியின் அளவைக் கேளுங்கள். கதையின் ஆயிரத்து நானூறு கட்டங்களுக்கு ஓவியம் தீட்ட வேண்டும். தொகுதிகள் பன்னிரண்டு என்று அபுல் ஃபஸ்லும், பதினேழு என்று பதாயூனீயும், பதினான்கு என்று வேறு சிலரும் கணக்குச் சொல்வர். தொகுதிக் கணக்கு மாறினாலும் பணி பதினைந்து ஆண்டுகள் நடந்தது என்பதில் ஐயமில்லை. ஒவ்வோர் ஓவியமும் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் உயரமும் 52 சென்டிமீட்டர் அகலமும் உடையது. பாரசீக ஏடுகளின் கையகல ஓவியங்களோடு ஒப்பிட்டால் இவை பேருருவங்கள். தாளில் அன்று, பருத்தித் துணியில் இவை தீட்டப்பட்டன. கதையின் பகுதி பின்புறத்தில் எழுதப்பட்டது. அவையோர் முன்பக்கத்து ஓவியத்தைக் காண, ஏட்டைப் பிடித்திருப்பவர் பின்பக்கத்தைப் பார்த்துப் படிக்கலாம் அல்லவா?

இத்துணைப் பெரும் பணியை இருவர் கை முடிக்க இயலாது. கூட்டம் வேண்டும். கூட்டம் எங்கிருந்து வரும்? பாரசீகத்திலிருந்து நூறு பேரை வரவழைக்க வழியில்லை. குவாலியர், குஜராத், காஷ்மீர், லாகூர் எனப் பல திசைகளிலிருந்தும் ஓவியர் வந்து சேர்ந்தனர். தத்தம் ஊர்ப் பெயரையே பெயரோடு ஒட்டிக் கொண்டவர் பலர். ஐம்பது ஓவியர் உழைத்தனர் என்று பிற்காலத்து 'மஆஸிருல் உமரா' கூறும். இவர்கட்கு மேல் வண்ணம் அரைப்போர், பொன் பூசுவோர், கட்டம் வரைவோர், எழுத்தர், கட்டுநர் ஆகியோரும் உண்டு.

முதல் நாளின் சிக்கல்

இங்குத்தான் நம் கேள்வி பிறக்கின்றது. பாரசீகத்தில் ஓவியக் கல்வி வகுத்து நின்ற முறையுடையது. மாணாக்கன் சிறுவனாக உஸ்தாதிடம் வருவான். கல்லில் வண்ணம் அரைப்பான், தாள் மெருகிடுவான், உஸ்தாத் வரைந்த கோட்டையே ஆண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப வரைவான். எழுத்துக் கலையில் 'மஷ்க்' என்னும் பயிற்சியும் அவ்வாறே. உஸ்தாத் மனம் நிறைந்து 'இஜாஸத்' வழங்கிய பின்னரே மாணாக்கன் தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரை இட இயலும். இம்முறையில் வளர்ந்தவர்களே மீர் ஸையித் அலீயும் க்வாஜாவும்.

அவர்கள் முன் இப்போது அமர்ந்தவர்களோ வெறுங்கையர் அல்லர். கைப்பழக்கம் முதிர்ந்தவர்கள். சமண ஏடுகளையும் வைணவக் கதைகளையும் சுவரோவியங்களையும் தீட்டிப் பழகியவர்கள். செந்நிறத்தை அள்ளிப் பூசும் வழக்கம் அவர்களுடையது. மயிரிழைக் கோட்டில் மனம் வைக்கும் வழக்கம் ஆசான்களுடையது. ஆசானின் மொழி பாரசீகம். கேட்போர் பலரின் தாய்மொழி வேறு. சமயமும் வேறு. தாம் கற்ற வழியில் இவர்களைப் பழக்கப் புகுந்தால், பதினைந்து ஆண்டில் ஒரு தொகுதியும் முடியாது.

மீர் ஸையித் அலீ முதலில் பொறுப்பேற்றார். ஏழு ஆண்டுகளில் நான்கு தொகுதிகள் முடிந்தன. பின்னர் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுச் சென்றார். பொறுப்பு க்வாஜாவின் தோளில் விழுந்தது. அவர் ஏற்ற பின் பணி விரைந்தது. செலவும் சுருங்கியது என்று அக்காலத்தார் எழுதினர். முன்னவர் நடத்தியதைப் போன்ற கால அளவிலேயே எஞ்சிய தொகுதிகள் அனைத்தும் நிறைவேறின. முன்னவரிடம் திறமைக் குறைவு என்று இதற்குப் பொருளன்று. மீர் ஸையித் அலீயின் நுண்மையை விஞ்சுவோர் அந்நாளில் அரியர். ஒவ்வோர் ஏட்டிலும் தாம் விரும்பிய நுண்மை நிறைய வேண்டும் என்று ஆசான் காத்திருந்தால் பட்டறை நகராது. மாணாக்கனின் கையை நம்பி விட்டால் நகரும் என்பதே இவ்விரு காலப் பகுதிகளையும் ஒப்பிடுகையில் நமக்குத் தோன்றுவது.

கை பலவாக, ஏடு ஒன்றாக

முகலாயப் பட்டறையின் வேலை முறையைப் பின்னர் வந்த ஏடுகளின் ஓரக் குறிப்புகளிலிருந்து தெளிவாக அறிகின்றோம். ஓவியத்தின் அமைப்பைக் கோட்டில் வகுப்பது 'தர்ஹ்'. அதற்கு வண்ணமூட்டி நிறைவேற்றுவது 'அமல்'. முகங்களை மட்டும் தீட்டுவது 'சிஹ்ரா நாமீ'. ஓர் ஓவியத்தில் இருவரும், சில வேளைகளில் மூவரும் ஈடுபட்டனர். அமைப்பைத் தேர்ந்த ஆசான் வகுப்பார், இளையவர் வண்ணமிடுவார். ஏட்டின் அடியில் இன்னாரின் தர்ஹ், இன்னாரின் அமல் என்று எழுத்தர்கள் குறித்து வைத்தனர்.

இம்முறை நமக்கு அயலானதன்று. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லைக்கு அணித்தே உள்ள ஆர்.கே.பேட்டையிலும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் கைத்தறியும் விசைத்தறியும் ஒலிக்கும் தெருக்களில் நடந்தால் இதனைக் கண்ணாரக் காணலாம். ஒரு சேலை ஒருவர் கையால் ஆவதில்லை. நூலுக்குச் சாயம் இடுவோர் ஒருவர். பாவு ஓட்டுவோர் சிலர். அச்சில் இழை பிணைப்போர் வேறு. வீட்டுப் பெண்டிர் தார் சுற்றித் தருவர். தறிக்குழியில் அமர்ந்து நாடாவை ஓட்டுபவர் இத்தனை கைகளின் உழைப்பையும் ஒன்றாக்குகின்றார். தறிக்கு அருகில் வளரும் குழந்தை பாடம் கேட்டுத் தொழில் கற்பதில்லை. முதலில் நூற்கண்டை எடுத்துக் கொடுக்கும். பின்னர் அறுந்த இழையை முடியும். ஒருநாள் பெரியவர் எழுந்து சென்ற வேளையில் தறியில் அமர்ந்து நான்கு விரற்கடை நெய்து பார்க்கும். பெரியவர் திரும்பி வந்து, பிழைபட்ட இடத்தை மட்டும் பிரித்து விட்டு, மேலே நெய்யச் சொல்வார். துணியில் தீட்டிய ஆயிரத்து நானூறு ஓவியங்களின் பின்னே இருந்ததும் இத்தகைய கல்விதான். அக்பரின் அரசு அதனைப் பெரிய அளவில், கணக்கோடும் ஊதியத்தோடும் நடத்திற்று.

வேறுபாடு ஒன்றுண்டு. நம் தறித் தெருக்களில் சேலையின் முந்தானையில் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. அக்பரின் பட்டறையிலோ வண்ணமிட்ட இளைஞனின் பெயரும் ஏட்டின் அடியில் ஏறிற்று. அரசன் ஆணை, ஆசான் அமைப்பு, இளையவன் வண்ணம் மூன்றும் ஓர் ஏட்டில் உடனிருந்தன. அப்பெயர்கள் எழுதப்படாதிருந்தால் தஸ்வந்தையும் பஸாவனையும் நாம் அறிந்திருக்க இயலுமா?

வாரம் ஒரு பார்வை

ஆயினே அக்பரீ மற்றொரு செய்தியையும் தருகின்றது. வாரந்தோறும் எல்லா ஓவியர்களின் வேலையும் தாரோகாக்களாலும் எழுத்தர்களாலும் மன்னர் முன் வைக்கப்பட்டது. வேலையின் சிறப்பை நோக்கி அவர் பரிசளித்தார். மாத ஊதியத்தை உயர்த்தினார். வண்ணங்களின் விலையும் தரமும் கண்காணிக்கப்பட்டன. வண்ணக் கலவை முன்னிலும் செம்மையுற்றது என்றும் அபுல் ஃபஸ்ல் குறிக்கின்றார்.

பட்டறை நடத்துவோர் இச்செய்தியைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். பிள்ளை செய்ததைப் பார்ப்பதற்கென்று ஒரு நாள் குறித்திருக்க வேண்டும். பாராட்டும் குறித்த காலத்தில் வர வேண்டும். முடிந்த வேலையை ஒருவர் கண் கொண்டு பார்க்கப் போகின்றார் என்னும் எதிர்பார்ப்பே செய்பவனின் கையை நிமிர்த்துகின்றது. நம் தமிழில் அரங்கேற்றம் என்று வழங்கியதும் இதுவே. வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளால் உமறுப் புலவர் சீறாவைத் தொடங்கினார். வரலாற்றுச் செய்திகளுக்காக ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார். வள்ளலின் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் நூல் அவை ஏறிற்று என்று மரபு கூறும். பொருள் தந்தவர் ஒருவர், செய்தி தந்தவர் ஒருவர், கவி தந்தவர் ஒருவர், கேட்டு மகிழ்ந்த அவை ஒன்று! பேரிலக்கியம் தனி அறையில் ஒருவரால் மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு நம் வீட்டுச் சான்றாகவே சீறா விளங்குகின்றது.

பல்லக்குத் தூக்கியின் மகன்

இனி இவ்வரலாற்றின் உயிர்நிலைக்கு வருவோம். அபுல் ஃபஸ்ல் எழுதிய சில வரிகளால் நாம் அறியும் ஒரு மாணாக்கனின் கதை அது.

தஸ்வந்த் பல்லக்குத் தூக்கும் கஹார் ஒருவரின் மகன். அவனும் பட்டறையில் பணியாளாகவே காலம் கழித்தான். ஆனால் அவன் கை சும்மா இருக்கவில்லை. சுவர் கண்ட இடமெல்லாம் உருவங்களை வரைந்து கொண்டிருந்தான். யாரும் அவனுக்குத் தாள் கொடுக்கவில்லை. யாரும் அவனைக் கேட்கவுமில்லை. ஒருநாள் அக்பரின் பார்வை அச்சுவரின் மேல் விழுந்தது. சுவரைப் பாழ்படுத்தியவன் யார் என்று சினந்திருக்கலாம். அவரோ திறமையைக் கண்டு, அவனை க்வாஜா அப்துஸ்ஸமதிடம் தாமே ஒப்படைத்தார்.

க்வாஜா அவனுக்கு என்ன கற்பித்தார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. விளைவை மட்டும் அபுல் ஃபஸ்ல் கூறுகின்றார். குறுகிய காலத்தில் தஸ்வந்த் ஓவியர் அனைவரையும் விஞ்சினான்; காலத்தின் முதல் ஆசான் ஆனான். அக்பரின் ஓவியர்களைத் தர வரிசையில் பாராட்டும்போது மீர் ஸையித் அலீ, க்வாஜா அப்துஸ்ஸமத், தஸ்வந்த், பஸாவன் என்று நால்வரை முன்னிறுத்துகின்றார் அவர். தொடர்ந்து கேஸு, லால், முகுந்த், மிஸ்கீன், ஃபர்ருக், மாது, ஜகன், மகேஷ், கேம்கரண், தாரா, ஸான்வலா, ஹரிபன்ஸ், ராம் என்னும் பெயர்களை அடுக்குகின்றார். மொத்தம் பதினேழு பேர். அவர்களுள் பதின்மூவர் ஹிந்துக்கள். பாரசீகத்திலிருந்து வந்த இரு முஸ்லிம் ஆசான்களின் கூடத்தில் வளர்ந்த கூட்டம் இது!

தஸ்வந்த் க்வாஜாவைப் போல வரையவில்லை என்பதே இதில் சிறப்பு. க்வாஜாவின் கோடு அமைதியானது, அளவறிந்தது, அழகிய தோட்டத்தைப் போன்றது. தஸ்வந்தினுடையவை என்று அறிஞர்கள் அடையாளம் காணும் ஓவியங்களிலோ புயல் வீசுகின்றது. அரக்கர்கள் திமிறுகின்றனர், மலைகள் புரள்கின்றன. மஹாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்பாகிய ரஸ்ம்நாமா 1582-இல் தொடங்கப் பெற்றபோது, அதன் ஓவியங்களுள் ஏறத்தாழ முப்பதை அமைக்கும் பொறுப்பு தஸ்வந்துக்குக் கிட்டியது. 'தர்ஹ் தஸ்வந்த்' என்று அந்த ஏடுகள் இன்றும் கூறிக் கொண்டிருக்கின்றன. பல்லக்குத் தூக்கியின் மகன் கோடு வகுக்க, பிறர் அதில் வண்ணமிட்டனர். தம்மைப் போல் இல்லாத ஒருவனை உருவாக்கியதே க்வாஜாவின் வெற்றி. கசகசா விதையில் எழுதிய கைத்திறனைக் காட்டிலும் இதுவே அருமையுடையது என்பது நம் துணிபு.

பட்டறை தவறிய இடம்

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். வரலாறு அவ்வாறு முடிக்க விடவில்லை. தஸ்வந்தின் அறிவை ஓர் இருள் சூழ்ந்தது. அவர் மனநலம் குன்றி, 1584-ஆம் ஆண்டளவில் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார். ஒளி மங்கிய அவ்வறிவைப் பற்றி அபுல் ஃபஸ்ல் இரங்கி எழுதி, அவர் பல அரும்படைப்புகளை விட்டுச் சென்றார் என்று முடிக்கின்றார்.

அந்நாளில் க்வாஜா பட்டறையில் இல்லை. 1577-இல் பதேபூர் சிக்ரி நாணயச் சாலையின் தலைமை அவருக்கு வழங்கப் பெற்றது. பின்னர் 1586-இல் முல்தானின் திவானாகவும் உயர்ந்தார். அரசுப் பணி ஆசானை அழைத்துச் சென்றது. இதுவே தஸ்வந்தின் துயருக்குக் காரணம் என்று சொல்ல நமக்குச் சான்றில்லை, சொல்வதும் முறையன்று. மனத்தின் நோய் எவர் பிழையாலும் அன்றி வரக் கூடியதே.

ஆயினும் ஒன்றைக் கூறாதிருக்க இயலாது. அந்தப் பட்டறையில் வண்ணத்தின் எடைக்குக் கணக்கு இருந்தது. ஊதியத்துக்கு ஏடு இருந்தது. எந்த ஓவியத்தை யார் அமைத்தார் என்பதற்குக் குறிப்பு இருந்தது. ஓவியனின் உள்ளம் எந்நிலையில் இருக்கின்றது என்று பார்க்க எவரேனும் இருந்தாரா என்பதை மட்டும் எந்த ஏடும் கூறவில்லை. கற்பனை பொங்கும் உள்ளம் எளிதில் காயப்படும் உள்ளமாகவும் இருக்கலாம். சுவரில் வரைந்த கையைக் கண்டு கொண்ட கண், அக்கையின் பின்னிருந்த நெஞ்சையும் கண்டு கொள்ள வேண்டும். ஒருவனைத் தாழ்நிலையிலிருந்து உயரத்துக்குத் தூக்கி வைப்பவர், அவ்வுயரத்தில் அவன் தனியே நிற்கின்றானா என்றும் நோக்கக் கடமைப்பட்டவர் அன்றோ?

எஞ்சியவை

ஹம்ஸா நாமாவின் ஆயிரத்து நானூறு ஏடுகளில் இன்று இருநூறுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. 1739-இல் நாதிர்ஷா தில்லியைக் கொள்ளையிட்டதை ஒட்டி அவை சிதறின என்பர். அறுபது ஏடுகள் வியன்னாவில் உள்ளன. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பவை 1881-இல் காஷ்மீரில் வாங்கப்பட்டவை. அப்போது அவற்றுள் சில, ஸ்ரீநகரில் ஒரு கடையின் சன்னலை அடைக்கப் பயன்பட்டுக் கொண்டிருந்தனவாம்! மன்னர் வாரந்தோறும் அமர்ந்து நோக்கிய ஓவியங்கள் குளிர்காற்றைத் தடுக்கும் திரையாக நின்றன.

ஏடுகள் அழிந்தாலும் பட்டறை அழியவில்லை. பஸாவனின் மகன் மனோகர் ஓவியரானார். க்வாஜாவின் மகன் முஹம்மத் ஷரீஃப் ஜஹாங்கீரின் காலத்தில் 'அமீருல் உமரா' ஆனார். அரசவைகளில் பயின்றவர்கள் பிற்காலத்தில் ராஜஸ்தானத்துக்கும் மலைநாட்டுச் சிற்றரசுகளுக்கும் சென்று, அங்கங்குள்ள வழக்குகளோடு கலந்து, புதிய ஓவிய மரபுகள் தழைக்கத் துணை நின்றனர். ஏட்டைக் கொள்ளையிடலாம்; ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்று விட்ட பயிற்சியைக் கொள்ளையிட இயலாது.

முதன் முறை நிற்பவர்க்கு

இவ்வரலாறு இன்று நமக்கு எதற்கு? ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களில் ஒரு மாற்றம் நடந்து கொண்டிருக்கின்றது. இளைஞர் பலர் தறியை விட்டு, மாவட்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் பெருகியுள்ள தொழிற்சாலைகளை நோக்கிப் பேருந்து ஏறுகின்றனர். கையால் ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை உருவாக்கும் இன்பத்தை அடுத்த தலைமுறை எங்கே அடையும்? வீட்டுத் தறி தந்த கல்வியின் இடத்தை, விடுமுறையில் நடக்கும் சிறு பட்டறைகள் ஓரளவேனும் நிரப்ப வேண்டிய காலம் இது. ஆகவே அவற்றை முதன் முறையாக நடத்த எழுந்து நிற்கும் ஆசிரியரும் ஆலிமும் கல்லூரி மாணவியும் தாம் செய்வது சிறு காரியம் என்று எண்ண வேண்டியதில்லை.

அவர்கள் முன் அமரும் பிள்ளைகளும் வெறுங்கையர் அல்லர். ஒரு குழந்தை தாயின் கையில் தார் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்திருக்கும். மற்றொன்று தெலுங்கும் தமிழும் கலந்த தாலாட்டைக் கேட்டிருக்கும். இன்னொன்று மதரஸாப் பலகையில் அலிஃப் எழுதிப் பழகியிருக்கும். க்வாஜா செய்தது போலவே, அவர்கள் கொண்டு வந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய வேலை ஒன்றை நடுவில் வைத்து எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு கொடுக்கலாம். செய்தவர் பெயரைச் செய்த வேலையின் கீழ் எழுத மறத்தலாகாது. பார்ப்பதற்கென்று ஒரு நாளைக் குறித்து, பெற்றோரையும் அழைத்துப் பார்க்க வேண்டும். பிழைபட்ட இழையை மட்டும் பிரித்து விட்டு மேலே நெய்யச் சொல்லும் நெசவாளரின் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக, அழைக்கப்படாத குழந்தையின் பால் கண் செல்ல வேண்டும். பட்டறைக்கு வந்து அமர்ந்த பிள்ளைகளை எவரும் காண்பர். வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் சிறுவன், தேநீர்க் குவளை ஏந்தி வரும் சிறுமி, கூடத்தைப் பெருக்க வந்தவரின் முந்தானையைப் பிடித்து நிற்கும் பிள்ளை ஆகியோருள் ஒரு தஸ்வந்த் இருக்கலாம். அவனை உள்ளே அழைத்துத் தாள் கொடுப்பவர், அவன் வரைந்து முடித்த பின்னும் அவனை விசாரித்துக் கொண்டிருப்பாராக. கல்வியை ஒவ்வொருவர் மீதும் கடமையாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் நம் குடும்பங்களுக்கு, அண்டை வீட்டுப் பிள்ளையின் கைத்திறனைக் கண்டு கொள்வதும் அக்கடமையின் ஒரு பகுதியே ஆகும்.